பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை: தெருவிலா, காப்பகத்திலா, பள்ளியிலா, திரை வழியாகவா?

"வாரத்தில் கொஞ்சம் நேரம் ஒதுக்க முடியும். வசதியில்லாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆசை. எங்கே சேர்வது?" என்று கேட்பவர்கள் இப்போது நிறையப் பேர். ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. வேலையில் இருப்பவர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், கல்லூரியில் கடைசி வருடம் படிப்பவர், சிங்கப்பூரில் இருந்துகொண்டு சொந்த ஊர்ப் பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைப்பவர் என்று ஆளாளுக்கு நிலைமை வேறு. ஆனால் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்து நிற்கிறார்கள்: எந்த அமைப்பு நல்ல அமைப்பு?

அமைப்பின் பெயரைவிட வகுப்பு எப்படி நடக்கிறது என்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். தெருவில் தினமும் நடக்கும் மாலை வகுப்பும், காப்பகத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் வகுப்பும் உங்களிடம் கேட்பது வேறு, பிள்ளைக்குத் தருவதும் வேறு. அரசுப் பள்ளிக்குள் போய் உதவுவது, ஆன்லைனில் எடுப்பது, இரண்டு வருடம் முழுநேரமாக இறங்குவது, அப்புறம் பலர் யோசிக்காமல் விட்டுவிடும் இன்னொரு வழி என எல்லாவற்றையும் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்துப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

தொடர்ச்சி. பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. அந்தப் பத்து மாதமும் ஒரே ஆள், ஒரே நாள், ஒரே நேரம் என்று வர முடியுமா? உற்சாகமாக இருக்கும் முதல் மாதத்தை வைத்து இதற்குப் பதில் சொல்லாதீர்கள். அலுவலகத்தில் வேலை கழுத்தை நெரிக்கும் வாரத்திலும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாத வாரத்திலும் எது சாத்தியமோ அதை வைத்துச் சொல்லுங்கள்.

நீங்கள் வராத நாளில் என்ன நடக்கும். எவ்வளவு உறுதியான ஆளும் சில நாள் வர முடியாது. அன்றைக்கு வேறொருவர் அதே பாடத்தைத் தொடர்வாரா, இல்லை பிள்ளைகள் வந்து காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போவார்களா? எல்லா வழிகளையும் பிரித்துக் காட்டும் கேள்வி இதுதான் என்பேன்.

பிள்ளையின் நிலையிலிருந்து தொடங்க இடம் இருக்கிறதா. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் பாடம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துப் போகிறோம். போனால், 'மரம்', 'படம்' என்று வாசிக்கிற பிள்ளை 'கொம்பு' வந்ததும் நின்றுவிடுகிறது. ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ இரண்டும் சேர்ந்து வருகிறது. அந்த முடிச்சு அவிழாமலேயே மூன்று வகுப்பு தாண்டி வந்திருக்கும். கணக்கிலும் அப்படித்தான். 502-இல் 178-ஐக் கழிக்கச் சொன்னால் 476 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. கவனக்குறைவு என்று கடந்துபோகக் கூடாது. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது புரியவில்லை, அதிலும் நடுவில் பூஜ்ஜியம் வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

வகுப்பை மறந்துவிட்டு பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது நல்ல பலன் தருகிறது என்பதற்கு இந்தியாவிலேயே வலுவான ஆதாரம் இருக்கிறது. பிரதம் அமைப்பு மும்பையிலும் வடோதராவிலும், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்து, பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களைக் கொண்டு அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக்கொடுத்தது. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் இன்னும் சிலரும் அதை ஆராய்ந்து, பிள்ளைகளின் தேர்ச்சி கூடியதை 2007-இல் வெளியிட்டார்கள். அந்த இருவருக்கும் 2019-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. சொல்லிக்கொடுத்தவர்கள் பெரிய பட்டதாரிகள் இல்லை என்பதைக் கவனியுங்கள். "எனக்குத் தகுதி இருக்கிறதா?" என்று தயங்குகிறவர்களுக்கு இதுவே பதில்.

பாதுகாப்பு. முதலில் பிள்ளைக்கு, அப்புறம் உங்களுக்கு. மூடிய அறையில் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கும் நிலைமை வரவே கூடாது. அதற்கு இடம் கொடுக்காத ஏற்பாடாக இருக்க வேண்டும்.

உண்மையான செலவு. போக வர ஆகும் நேரம், பெட்ரோல், தயாரிப்பு நேரம், மன உளைச்சல் எல்லாம் சேர்த்து.

## தெருவில் மாலை வகுப்பு

வீட்டுத் திண்ணை, மொட்டை மாடி, சமுதாயக் கூடம், நூலகம், கோயில் மண்டபம், சர்ச் ஹால் என்று எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். தமிழ்நாட்டில் இதை மிகப் பெரிய அளவில் செய்து காட்டியது இல்லம் தேடிக் கல்வித் திட்டம். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்து இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தொடங்கினார்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை சொல்லிக்கொடுக்க பிளஸ் டூ முடித்தவர், ஆறு முதல் எட்டுவரை பட்டதாரி. மாலையில் ஒன்றரை மணி நேரம் போல. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. வந்தவர்களில் பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள்.

அதன் பலனையும் அளந்திருக்கிறார்கள். தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது தெரிந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது. ஊர்க்காரர்கள் சாயங்காலம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததற்கு இவ்வளவு வலு இருக்கிறது.

இந்த வழியின் பெரிய பலம் அருகாமை. பிள்ளை வரவில்லை என்றால் இரண்டு வீடு தள்ளிப் போய்க் கூப்பிடலாம். இதன் மதிப்பு புரிய இன்னொரு ஆய்வைப் பார்க்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் கிராமத்துத் தன்னார்வலர்களைக் கொண்டு வாசிப்பு வகுப்புகள் நடத்தினார்கள். வந்த பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள். ஆனால் ஊரில் இருந்த பிள்ளைகளில் சுமார் 8 சதவீதம் பேர்தான் வந்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்தும், பிள்ளைகளை வரவழைப்பதில் விஷயம் சறுக்கிவிட்டது. வீடு வீடாகப் போய் அம்மாவிடம் பேசத் தெரிந்தவருக்குத்தான் வகுப்பு நிறையும்.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். முதலில், இரண்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை எல்லோரும் வந்துவிடுவார்கள். அக்கா வந்தால் தம்பி தங்கையையும் கூட்டிக்கொண்டுதான் வருவாள், வராதே என்று சொன்னால் அவளும் வர மாட்டாள். அடுத்து, வீட்டுப்பாடத்தை முடித்து அனுப்பினால் போதும் என்பது பெற்றோரின் எதிர்பார்ப்பு. அதற்கு இணங்கினால், வாசிக்கத் தெரியாத பிள்ளை அழகாகப் பார்த்து எழுதும் பிள்ளையாக மாறும், அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரத்தில் அரை மணியை வீட்டுப்பாடத்துக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றிக்கொள்வதே நடைமுறை.

மூன்றாவது விஷயம் சாதி. வகுப்பை யார் வீட்டில், எந்தத் தெருவில் வைக்கிறோம் என்பது, எந்தப் பிள்ளைகள் வருவார்கள் என்பதைத் தீர்மானித்துவிடும். ஊர்த் தெருவில் ஒரு வீட்டில் நடந்தால் காலனிப் பிள்ளைகள் வரத் தயங்குவார்கள். காலனியில் நடந்தால் மற்றவர்கள் அனுப்ப மாட்டார்கள். யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள் கூச்சமில்லாமல் நுழையக்கூடிய இடத்தில் வையுங்கள். எல்லோருக்கும் பொதுவான இடம் என்று வெளியிலிருந்து பார்த்து நாமே முடிவு செய்துவிடாமல், அங்கே வாழும் அம்மாக்களைக் கேட்டுவிட்டு வைக்க வேண்டும்.

நீங்கள் வராத நாளில் என்ன ஆகும் என்ற கேள்வியில் இந்த வழி பலவீனமானது. தனி ஆளாகத் தொடங்கினால் உங்கள் காய்ச்சலோடு வகுப்பும் படுத்துவிடும். அதனால் குறைந்தது இரண்டு பேராகத் தொடங்குவது நல்லது. ஒருவர் கல்லூரி மாணவர், ஒருவர் இல்லத்தரசி என்று இருந்தால் தேர்வுக் காலமும் விருந்தாளிகள் வரும் காலமும் ஒன்றாக மோதாது.

வார நாட்களில் சாயங்காலம் வீட்டில் இருப்பவர், அந்தப் பகுதியிலேயே குடியிருப்பவர், எழுத்துக்கூட்டி வாசிக்கும் நிலையில் உள்ள சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க விரும்புபவர் ஆகியோருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

## காப்பகத்திலோ குடியிருப்பிலோ வார இறுதி வகுப்பு

வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது இதுதான். சென்னையில் 2006-இல் தொடங்கிய பூமி அமைப்பு இப்படி வார இறுதிகளில் இளைஞர்களைக் கொண்டு வகுப்புகள் நடத்துகிறது. அதே 2006-இல் கொச்சியில் தொடங்கிய மேக் எ டிஃபரன்ஸ் குழந்தைகள் இல்லங்களில் வளரும் பிள்ளைகளோடு வேலை செய்கிறது. இப்படிப்பட்ட அமைப்புகளில் சேர்ந்தால் தொடக்கப் பயிற்சி, பாடத்திட்டம், குழு எல்லாம் ஆயத்தமாகக் கிடைக்கும். நீங்கள் வராவிட்டால் குழுவில் இன்னொருவர் எடுப்பார். தனியாகத் தெருவில் தொடங்குபவருக்கு இல்லாத தைரியம் இது.

பலவீனம் இடைவெளி. ஞாயிற்றுக்கிழமை 'கெ, கே, கை' கற்றுக்கொண்ட பிள்ளை அடுத்த ஞாயிறுவரை அதைத் தொடவில்லை என்றால் பாதி போய்விடும். அடிப்படை வாசிப்பு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினால்தான் ஒட்டும். அதனால் வார இறுதி வகுப்பில் எழுத்திலிருந்து தொடங்க வேண்டிய பிள்ளைகளை எடுத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆங்கிலத்தில் பேசிப் பழகுவது, செய்து பார்க்கும் அறிவியல், சேர்ந்து கதைப்புத்தகம் வாசிப்பது, ஒன்பது பத்தாம் வகுப்புக் கணக்கில் சந்தேகம் தீர்ப்பது, அடுத்து என்ன படிக்கலாம் என்று பேசுவது ஆகியவை வாரம் ஒருமுறைக்குப் பொருந்தும்.

காப்பகத்துக்கென்று தனிக் கவனம் வேண்டும். அங்கே இருக்கும் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே ஒருமுறை பெரியவர்களைப் பிரிந்தவர்கள். அன்பாகப் பழகிவிட்டு மூன்றாம் மாதம் காணாமல் போகும் அண்ணனும் அக்காவும் அவர்களுக்குப் புதிதல்ல. வேலை மாற்றமோ மேற்படிப்போ திருமணமோ அந்த ஆண்டுக்குள் வரப்போகிறது என்று தெரிந்தால், காப்பகத்தில் நேரடியாக வகுப்பு எடுக்காமல் பாடப்பொருள் தயாரிப்பு மாதிரியான வேலையில் உதவுங்கள். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல்: ஞாயிறு என்றால் காப்பகங்களுக்குப் பிறந்தநாள் சாப்பாடு போட வருபவர்களும் வருவார்கள். வகுப்பு நடுவில் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் பாட்டுப் பாடச் சொல்வார்கள். வகுப்பு நேரத்தில் வருகையாளர்களை அனுமதிக்க வேண்டாம் என்று நிர்வாகத்திடம் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒத்துக்கொள்ளாத நிர்வாகம் படிப்பை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அந்த இல்லம் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவானதா என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அங்குள்ள பிள்ளைகளின் முகமோ பெயரோ வெளியே தெரியும்படி படம் போடுவதை அந்தச் சட்டம் தடுக்கிறது. செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது அன்பினால் செய்ததாகவே இருந்தாலும் கூடாது.

பயணத்தையும் கணக்குப் போடுங்கள். தாம்பரத்திலிருந்து வடசென்னைக்கு இரண்டு மணி நேர வகுப்புக்குப் போனால் பாதி நாள் போய்விடும். பெட்ரோலும் டீயும் சேர்த்து ஒரு நாளைக்கு 300 ரூபாய் ஆனால் மாதம் 1,200 ரூபாய். கிராமத்தில் ஒரு தன்னார்வலருக்கு அரசு கொடுத்த மாத ஊக்கத்தொகையைவிட அது அதிகம். போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை, பக்கத்தில் தேடுங்கள் என்கிறேன். சென்னை ஓ.எம்.ஆரில் வேலை செய்பவருக்குக் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் கூப்பிடு தூரம். நகரின் நடுவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் வாழும் இடங்கள் அவை. பாதிப் படிப்பில் பள்ளி மாறிய பிள்ளைகள் அங்கே நிறைய.

## அரசுப் பள்ளிக்குள் சென்று உதவுவது

பிள்ளைகள் ஏற்கெனவே கூடியிருக்கும் இடம் பள்ளி. ஜான்பூரில் வந்த சிக்கல் இங்கே இல்லை. பாதுகாப்புக்கும் ஆசிரியர்கள் சுற்றி இருக்கிறார்கள். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் பார்ப்பது சாதாரணம். அவர்களில் ஒருவர் கூட்டத்துக்கோ தேர்தல் வேலைக்கோ போய்விட்டால் மீதமுள்ளவர் ஐந்து வகுப்பையும் சமாளிக்க வேண்டும். பின்தங்கிய பிள்ளைகளில் எட்டுப் பேரைத் தனியாக அழைத்துப் போய் வாசிக்கவைக்க ஓர் ஆள் கிடைத்தால் ஹெச்.எம். வரவேற்கத்தான் செய்வார்.

ஆனால் நேராக உள்ளே போய்விட முடியாது. வெளியாட்கள் பள்ளிக்குள் வகுப்பு எடுக்கக் கல்வித்துறையின் ஒப்புதல் வேண்டும். ஹெச்.எம்.மிடம் பேசி, பள்ளி மேலாண்மைக் குழுவிடம் சொல்லி, வட்டார வள மையத்தில் இருக்கும் ஆசிரியர் பயிற்றுநர் வழியாகப் போவது சுமுகமான பாதை. முன்னாள் மாணவராக இருந்தால் கதவு எளிதாகத் திறக்கும். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்கும் அரசே 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. அதன் பாடப்பொருளோடு ஒத்துப்போகிற மாதிரி உங்கள் வேலையை அமைத்துக்கொண்டால் ஆசிரியருக்கும் இடைஞ்சல் இருக்காது, பிள்ளைக்கும் குழப்பம் இருக்காது.

மேல்வகுப்புகளில் தெளிவான ஒரு வேலை உண்டு: எட்டாம் வகுப்புக்கான என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வுக்குப் பயிற்சி. தேறியவர்களுக்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய் கிடைக்கும். மனத்திறன் தேர்வில் 90 கேள்வி, படிப்பறிவுத் தேர்வில் 90 கேள்வி. இதில் மனத்திறன் பகுதிக்குப் பள்ளிப் பாடத்தில் நேரடியாக இடம் இல்லை. ஓய்வுபெற்ற வங்கி ஊழியருக்கும் பொறியியல் மாணவருக்கும் கைவந்த பகுதி அது. பெண்பிள்ளையைப் படிப்பை நிறுத்தாமல் வைத்திருக்க அந்த மாதம் 1,000 ரூபாய் வீட்டில் ஒரு வாதமாக நிற்கும்.

ஆனால் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்கள். அதே வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளைகள் பின்வரிசையில் அப்படியே இருப்பார்கள். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது? என் மனம் பின்வரிசைப் பக்கம்தான் சாய்கிறது. உதவித்தொகைக்குப் பயிற்சி தர ஆள் கிடைப்பது எளிது. எட்டாம் வகுப்புப் பையனுக்கு வெட்கப்படவைக்காமல் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பது அரிது.

மறைந்திருக்கும் செலவு பகல் நேரம். வேலைக்குப் போகிறவருக்கு இது ஒத்துவராது. அப்புறம், ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளியில் நீங்களே முழு வகுப்பு ஆசிரியர் ஆகிவிடும் அபாயமும் உண்டு. மாதக்கணக்கில் அப்படி ஓடினால் அங்கே ஆசிரியரைக் கேட்டு யாரும் மனுக்கொடுக்க மாட்டார்கள். உதவியாளராக நிற்பேன், பாட ஆசிரியரின் இடத்தை நிரப்ப மாட்டேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது பள்ளிக்கும் நல்லது.

## ஆன்லைன் வகுப்பு

வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் நாடும் வழி. இ-வித்யாலோகா போன்ற அமைப்புகள் கிராமத்து அரசுப் பள்ளியில் திரையை வைத்து, எங்கோ இருக்கும் தன்னார்வலரை அதில் இணைக்கின்றன. வகுப்பில் உள்ளூர் உதவியாளர் ஒருவர் இருந்து பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வார். இந்த உதவியாளர்தான் உயிர்நாடி. அவர் இல்லாத ஆன்லைன் வகுப்பில், அதாவது பிள்ளை வீட்டில் அப்பாவின் போனை வைத்துக்கொண்டு உட்காரும் ஏற்பாட்டில், சேராதீர்கள். அப்பா வேலையிலிருந்து வர ஏழு மணி ஆகும், போனில் டேட்டா தீர்ந்திருக்கும், அக்காவுக்கும் அதே நேரத்தில் போன் வேண்டும். கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்த கதைதான்.

பள்ளி நேரத்தில் வகுப்பு என்பதால் நீங்கள் இருக்கும் நாட்டைப் பொறுத்து இது எளிதாகவோ சிரமமாகவோ ஆகும். இங்கே காலை 10 மணி என்றால் துபாயில் 8.30, சிங்கப்பூரில் பகல் 12.30. இரண்டும் சமாளிக்கக்கூடியவை. லண்டனில் குளிர்காலத்தில் அதிகாலை 4.30. நியூயார்க்கில் நள்ளிரவை ஒட்டி. ஒரு மாதம் கண் விழிக்கலாம், ஒரு கல்வியாண்டு முடியாது.

பிள்ளையின் நோட்டைப் பார்க்க முடியாது என்பது ஆன்லைனின் பெரிய குறை. 476 என்று எழுதியது ஏன் என்று கண்டுபிடிக்க, பிள்ளை கழிக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் ஆறாம் வகுப்புக்கு மேல், வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு அறிவியலோ ஆங்கிலமோ எடுப்பதற்கு இது சரி. கணக்கு ஆசிரியர் இல்லாத மலைக்கிராமப் பள்ளிக்கு இதைத் தவிர வேறு வழியே இல்லாமலும் இருக்கலாம், அங்கே இது பெரிய உதவி.

## இரண்டு வருட முழுநேரப் பணி

2009 முதல் நடக்கும் டீச் ஃபார் இந்தியா ஃபெலோஷிப்பில் சேர்ந்தால், சென்னை உள்ளிட்ட நகரங்களில் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் இரண்டு வருடம் முழுநேர ஆசிரியர். மாத உதவித்தொகை உண்டு. தொடர்ச்சி, பயிற்சி, பிள்ளையின் நிலையை அறிவது என்று எல்லாவற்றிலும் இது முன்னால் நிற்கும். விலையும் அதற்கேற்றது: ஐ.டி. சம்பளத்தில் பாதிகூட வராது, கல்விக்கடன் தவணை இருப்பவருக்குக் கஷ்டம், வீட்டில் விளக்கம் சொல்லி மாளாது. கல்வித்துறையிலேயே வாழ்க்கையை அமைக்க நினைக்கும் இளைஞர் தாராளமாகப் போகலாம். அடுத்த வேலைக்கு முன் ஓர் இடைவேளை என்று நினைப்பவருக்கு இது வேண்டாம்.

## சொல்லிக்கொடுப்பவருக்குத் துணை நிற்பது

பலர் யோசிக்காத வழி என்றேனே, அது இதுதான். உங்கள் நேரம் நிலையில்லாதது, ஆனால் மாதாமாதம் ஒரு தொகை ஒதுக்க முடியும் என்றால், ஏற்கெனவே மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கு மதிப்பூதியம் கிடைக்க ஏற்பாடு செய்யலாம். உள்ளூர் ஆள், தினமும் வகுப்பு, பிள்ளையின் நிலையிலிருந்து தொடக்கம் என்று ஆய்வுகளில் பலித்த எல்லாமே அவரிடம் இருக்கிறது. இல்லாதது வருமானமும் பாடப்பொருளும்தான். பணத்தோடு நின்றுவிடாமல் மாதம் ஒருநாள் போய், கதைப்புத்தகங்களும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழும் கொண்டுபோய்க் கொடுத்து, பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு வரலாம்.

இதைத் 'தொண்டு' என்று சொல்லிக்கொள்ளப் பலருக்கு மனம் வருவதில்லை. நேரில் நின்று சொல்லிக்கொடுக்கும்போது கிடைக்கும் நிறைவு இதில் குறைவு என்பது உண்மைதான். பிள்ளைக்குக் கிடைப்பதோ, பல நேரங்களில் நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பைவிட அதிகம்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்த நேரம் | நீங்கள் வராத நாள் | பொருத்தமான பிள்ளைகள் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| தெரு மாலை வகுப்பு | வார நாட்கள், சாயங்காலம் | துணை ஆள் இல்லையென்றால் வகுப்பு இல்லை | 1–5 வகுப்பு, எழுத்து நிலை | பல வயதுக் கூட்டம், வீட்டுப்பாட எதிர்பார்ப்பு |
| வார இறுதி வகுப்பு | சனி அல்லது ஞாயிறு | குழுவில் மாற்று ஆள் உண்டு | வாசிக்கத் தெரிந்தவர்கள் | பயணம், ஒரு வார இடைவெளி |
| அரசுப் பள்ளி | பகல் | ஆசிரியர் இருப்பார் | பின்தங்கியவர்கள், 8-ஆம் வகுப்பு | அனுமதி, ஆசிரியர் இடத்தை நிரப்பும் அபாயம் |
| ஆன்லைன் | இந்தியப் பள்ளி நேரம் | உள்ளூர் உதவியாளரைப் பொறுத்தது | 6-ஆம் வகுப்புக்கு மேல் | நோட்டைப் பார்க்க முடியாது, நேர வேறுபாடு |
| இரண்டு வருடப் பணி | முழுநேரம் | பள்ளி பார்த்துக்கொள்ளும் | முழு வகுப்பு | சம்பள இழப்பு |
| துணை நிற்பது | மாதம் ஒருநாள் | வகுப்பு பாதிக்காது | எல்லோரும் | நம்பகமான ஆளைத் தேடும் உழைப்பு |

## சேர்வதற்கு முன்

எந்த வழியாக இருந்தாலும் ஒருநாள் போய்ச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகளின் வருகைப் பதிவு இருக்கிறதா, போன மாதம் எடுத்த பாடம் எங்காவது எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். காவல்துறைச் சரிபார்ப்பு, அடையாளச் சான்று என்று உங்களிடம் எதையுமே கேட்காமல் "நாளைக்கே வாங்க" என்று சொல்லும் இடத்தைத் தவிருங்கள். உங்களைக் கேட்காதவர்கள் வேறு யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடப்பது தெரியவந்தால் புகார் செய்தே ஆக வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் எல்லோருக்கும் விதித்த கடமை. தன்னார்வலருக்கு அதில் விலக்கு இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

முதல் வாரத்தில் பாடம் எடுக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கூப்பிட்டு எழுத்து, சொல், சின்னப் பத்தி, கதை என்று படிப்படியாக வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறதோ அதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கில் ஒற்றை இலக்கம், இரட்டை இலக்கம், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். ஏசர் என்ற பெயரில் 2005 முதல் நாடு முழுக்க நடக்கும் கல்வி ஆய்வில் பயன்படுவதும் இதே முறைதான். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று சிரிக்காத இடமாகப் பார்த்து, ஆனால் எல்லோர் கண்ணிலும் படும்படி உட்காருங்கள். அந்த நோட்டு வகுப்பிலேயே இருக்கட்டும். நீங்கள் வராத நாளில் வருபவர் அதைப் பார்த்துத்தான் தொடர்வார், நீங்கள் விலக நேர்ந்தால் அடுத்தவருக்குப் போக வேண்டியதும் அதுதான்.

தொடங்க நல்ல காலம் ஜூன். தவறிவிட்டால் காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் தொடங்கலாம். ஜனவரிக்கு மேல் வேண்டாம். தேர்வு நெருங்கும், பிள்ளைகள் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள், புது ஆளுக்கு அங்கே வேலை இல்லை. அந்த மாதங்களில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றிருந்தால், கோடை விடுமுறையில் உங்கள் தெருவிலேயே தினமும் ஒரு மணி நேர வாசிப்பு முகாமுக்கு இப்போதே இடம் பேசி, புத்தகம் சேர்த்து வையுங்கள்.